சின்னஞ்சிறு சில்லும் பைத்தன் மொழியும்

காலை நேரத்தில் ஜுரு டோல் சாவடியில் வாகனங்கள் வரிசை பிடித்து நிற்கின்றன. ஓட்டுநர் ஒருவர் கண்ணாடியைத் தாழ்த்தி, தம் அட்டையை அங்குள்ள கருவியின்மீது காட்டுகிறார். ‘பீப்’ என்று ஓர் ஒலி எழுகிறது. அட்டையிலிருந்து கட்டணம் கழிகிறது, தடுப்புக்கோல் உயர்கிறது, வாகனம் நகர்கிறது. இவை அனைத்தும் ஓரிரு நொடிகளில் முடிந்துவிடுகின்றன.

அந்தக் கருவிக்கு விசைப்பலகை இல்லை, சுட்டியும் இல்லை. அதைக் கணினி என்று எவரும் அழைப்பதில்லை. ஆயினும், அட்டையைப் படிப்பதும், மீதித் தொகையைக் கணக்கிடுவதும், தடுப்புக்கோலுக்குக் கட்டளை அனுப்புவதும் கணினியின் வேலைகளே. இவ்வாறு வேறொரு பொருளுக்குள் மறைந்திருந்து, குறிப்பிட்ட சில வேலைகளை மட்டும் செய்யும் கணினியை உட்பொதி கணினி என்பர். சலவை இயந்திரம், மின்தூக்கி, சாலைச் சமிக்ஞை விளக்கு, காரின் இயந்திரம் என எங்கும் உட்பொதி கணினிகள் உழைக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றின் இதயமாக விளங்குவது நுண்கட்டுப்படுத்தி எனப்படும் சிறிய சில்லு. கணக்கிடும் பகுதி, நினைவகம், வெளிக்கருவிகளை இணைக்கும் முனைகள் ஆகிய மூன்றும் அந்த ஒரே சில்லுக்குள் அடங்கியுள்ளன.

இச்சில்லுகளுக்கு நிரல் எழுதுவது நெடுங்காலமாகப் பொறியியலாளர்களுக்கு மட்டுமே கைவந்த கலையாக இருந்தது. இன்றோ, பள்ளியில் பைத்தன் மொழி பயிலும் மாணவர் ஒருவரும் அவற்றுக்குக் கட்டளையிட முடிகிறது. பெரிய கணினிகளுக்காக உருவான ஒரு மொழி, நகத்தளவு சில்லுக்குள் எப்படிப் புகுந்தது? அதற்காக எவற்றை விட்டுக்கொடுத்தது?

சில்லுகளின் தீவு

சில்லுகள் பினாங்கு மக்களுக்குப் புதியவை அல்ல. 1969இல் பினாங்கு தனது சுதந்திரத் துறைமுகத் தகுதியை இழந்தது. வாணிபம் தளர்ந்தது, வேலையில்லாத் திண்டாட்டம் பெருகியது. அவ்வாண்டு முதலமைச்சரான துன் டாக்டர் லிம் சோங் இயூவின் தலைமையில் மாநில அரசு தொழில்துறையின் பக்கம் திரும்பியது. 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப மண்டலம் அமைந்தது. இண்டல், ஹியூலட் பேக்கர்ட், ஹிட்டாச்சி, போஷ் உள்ளிட்ட எட்டு நிறுவனங்கள் முதலில் வந்து சேர்ந்தன. அவற்றை ‘எட்டு சாமுராய்கள்’ என்று இன்றும் குறிப்பிடுகின்றனர். பின்னர், நிலப்பகுதியில் உள்ள பிறை, புக்கிட் மின்யாக், பத்து காவான் ஆகிய இடங்களுக்கும் தொழிற்சாலைகள் பரவின. இத்தொழிற்பேட்டைகளுக்கு நடுவில் அமைந்திருப்பதே ஜுரு.

அரை நூற்றாண்டாக இங்குள்ளோர் சில்லுகளைப் பொருத்தியும் சோதித்தும் உலகுக்கு அனுப்பி வந்துள்ளனர். ஜுரு வட்டாரத்தில் பல மாணவர்களின் பெற்றோரோ உறவினரோ இத்தொழிற்சாலைகளில் பணியாற்றியிருப்பர். எனினும், சில்லைக் கையில் எடுத்தவர்கள் அனைவரும் அதற்கு நிரல் எழுதும் வாய்ப்பைப் பெறவில்லை. அதற்குத் தனிப் பயிற்சியும் விலை மிகுந்த கருவிகளும் தேவைப்பட்டன.

ஒரே நிரல், பல கருவிகள்

ஒரு சில்லுக்கு நேரடியாகப் புரிவது இயந்திர மொழி ஒன்றே. அது எண்களால் ஆனது. மேலும், ஒரு வகைச் சில்லின் இயந்திர மொழி மற்றொரு வகைச் சில்லுக்குப் புரியாது. ஆகவே, ஒன்றுக்கென இயந்திர மொழியில் எழுதிய நிரலை மற்றொன்றுக்காக மீண்டும் முதலிலிருந்து எழுத வேண்டியிருந்தது.

இச்சிக்கலைத் தீர்க்க இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, மனிதர் எளிதில் எழுதக்கூடிய மொழியில் நிரலை எழுதி, அதனை முழுமையாக இயந்திர மொழிக்கு மாற்றிவிடுவது. மாற்றித் தரும் மென்பொருளுக்குத் தொகுப்பி என்று பெயர். சி மொழி இவ்வழியில் இயங்குகிறது. அதன் நிரல் விரைவாக ஓடும். குறைந்த இடத்தையே எடுத்துக்கொள்ளும். எனினும், நினைவகத்தின் ஒவ்வொரு பகுதியையும் நிரலரே கவனமாகக் கையாள வேண்டும். சிறு தவறும் கருவியை முடக்கிவிடும்.

இரண்டாம் வழி, ஒவ்வொரு கருவியிலும் ஒரு மொழிபெயர்ப்பியை வைப்பது. நிரல் ஓடும்போதே அதன் கட்டளைகளை இம்மென்பொருள் ஒவ்வொன்றாகப் படித்து நிறைவேற்றும். பல நாட்டுத் தலைவர்கள் கூடும் மாநாட்டை நினைத்துப் பார்க்கலாம். பேசுபவர் ஒரே மொழியில் பேசுகிறார். கேட்பவர் ஒவ்வொருவரின் அருகிலும் அவரவர் மொழி அறிந்த பெயர்ப்பாளர் இருக்கிறார். பேச்சை எவரும் திருத்தி எழுத வேண்டியதில்லை. பைத்தன், ஜாவா ஆகிய மொழிகள் இம்முறையைப் பின்பற்றுகின்றன. ஆதலால், அவற்றைப் பல்தள மொழிகள் என்பர்.

மாநாட்டில் பேச்சாளருக்கு வேலை எளிது. ஆனால், ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பெயர்ப்பாளரை யாரோ பயிற்றுவித்திருக்க வேண்டும். அதுபோலவே, பல்தள மொழி தானாக எந்தக் கருவிக்கும் பயணம் செய்வதில்லை. ஒவ்வொரு வகைச் சில்லுக்கும் அம்மொழியின் மொழிபெயர்ப்பியை யாரோ ஒருவர் உழைத்துப் பொருத்துகிறார். அந்த உழைப்பின் பயனை மற்றவர் அனைவரும் நுகர்கின்றனர்.

இடம் போதாத சிக்கல்

பெயர்ப்பாளருக்கு அமர இருக்கை வேண்டும். கணினியில் அந்த இருக்கைதான் நினைவகம். அது இருவகைப்படும். நிரலையும் கோப்புகளையும் மின்சாரம் இல்லாதபோதும் காத்து வைப்பது நிலை நினைவகம். வேலை நடக்கும்போது மட்டும் பயன்படுவது பணி நினைவகம். முன்னதைப் புத்தக அலமாரிக்கும் பின்னதைப் படிக்கும் மேசைக்கும் ஒப்பிடலாம்.

மேசைக் கணினியில் பைத்தன் இயங்கத் தொடங்கியதுமே பல மெகாபைட் பணி நினைவகத்தை எடுத்துக்கொள்கிறது. நுண்கட்டுப்படுத்தியின் மேசையோ மிகவும் சிறியது. 1980இல் இண்டல் வெளியிட்ட 8051 என்னும் புகழ்பெற்ற நுண்கட்டுப்படுத்தியில் இருந்த பணி நினைவகம் 128 பைட் மட்டுமே. அது எவ்வளவு சிறியது என்பதை ஓர் ஊர்ப்பெயரைக் கொண்டே அறியலாம். இன்றைய யூனிகோட் முறையில், இணையத்தில் பரவலாக வழங்கும் வடிவத்தில், ‘ஜுரு’ என்ற சொல்லைச் சேமிக்க 12 பைட் தேவை. ஜ, உகரக் குறி, ர, மீண்டும் உகரக் குறி என நான்கு குறியீடுகள்; ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். அக்கணக்கின்படி, 128 பைட் நினைவகத்தில் ‘ஜுரு’ என்று பத்து முறை எழுதினால் பதினொன்றாவது முறைக்கு இடம் இராது.

காலப்போக்கில் சில்லுகள் வளர்ந்தன. 2016இல் பிரிட்டனில் பிபிசி நிறுவனம், ஏழாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு மில்லியன் வரையிலான மைக்ரோபிட் பலகைகளை இலவசமாக வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அப்பலகையின் பணி நினைவகம் 16 கிலோபைட். இந்தக் கட்டுரை முழுவதையும் அதில் சேமிக்க முயன்றால் பாதிகூட அடங்காது. 2021இல் நான்கு அமெரிக்க டாலர் விலையில் வெளிவந்த ராஸ்பெர்ரி பை பிக்கோ பலகையில் 264 கிலோபைட் பணி நினைவகமும் 2 மெகாபைட் நிலை நினைவகமும் உள்ளன. ஆனாலும், 4 கிகாபைட் பணி நினைவகம் கொண்ட ஒரு சாதாரண விவேகக் கைப்பேசி, பிக்கோவைக் காட்டிலும் ஏறத்தாழ 15,900 மடங்கு பெரிய மேசையைப் பெற்றுள்ளது.

ஜாவா காட்டிய வழி

பல்தள மொழியைச் சிறு கருவிக்குள் கொண்டுவரும் எண்ணம் பழையது. 1991இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் காஸ்லிங் முதலான பொறியியலாளர்கள், தொலைக்காட்சி போன்ற வீட்டுச் சாதனங்களை இயக்கும் கையடக்கக் கருவி ஒன்றை வடிவமைக்க முற்பட்டனர். சாதனங்களில் உள்ள சில்லுகள் பலவகை. ஆகவே, எல்லாவற்றிலும் ஓடக்கூடிய புதிய மொழி ஒன்றைக் காஸ்லிங் உருவாக்கினார். முதலில் ஓக் என்று பெயர் பெற்ற அம்மொழி, 1995இல் ஜாவா என்ற பெயரில் உலகுக்கு அறிமுகமானது. அப்போது இணையம் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. வீட்டுச் சாதனங்களுக்காகப் பிறந்த ஜாவா, இணையத்திலும் பெரிய கணினிகளிலும் புகழ் பெற்றது.

அடுத்த ஆண்டே அது மீண்டும் சிறிய இடத்துக்குத் திரும்பியது. 1996இல் ஜாவா கார்டு என்ற சுருங்கிய வடிவம் வெளிவந்தது. இது விவேக அட்டைகளின் சில்லுக்குள் ஓடுவதற்கென வடிவமைக்கப்பட்டது. இடம் மிகக் குறைவு என்பதால், தசம எண்கள், எழுத்துச் சரங்கள், ஒரே நேரத்தில் பல பணிகளைச் செய்யும் வசதி போன்றவை நீக்கப்பட்டன. எஞ்சியது சிறிய மொழிதான். எனினும், அட்டையின் வேலைக்கு அதுவே போதுமானதாக இருந்தது. இன்று கைப்பேசிகளில் உள்ள சிம் அட்டைகள் பலவற்றில் ஜாவா கார்டு இயங்குகிறது. மொழியைச் சுருக்கும்போது எதைக் காப்பது, எதைக் கைவிடுவது என்று வேலைக்கு ஏற்ப முடிவு செய்ய வேண்டும் என்பதை ஜாவா கார்டு எடுத்துக்காட்டியது.

மைக்ரோபைத்தன் பிறந்த கதை

பைத்தன் மொழியை நெதர்லாந்தைச் சேர்ந்த குயிடோ வான் ரோசம் 1991இல் வெளியிட்டார். படிக்க எளிதாக இருக்க வேண்டும் என்பதே அதன் தலையாய நோக்கம். தேவையற்ற அடைப்புக்குறிகள் இல்லாமல், வரியின் உள்தள்ளலைக் கொண்டே நிரலின் அமைப்பை அது புரிந்துகொள்கிறது. இதனால் தொடக்கநிலை மாணவர்களுக்கு ஏற்ற மொழியாகப் பல நாடுகளில் பைத்தன் இடம்பெற்றது.

இம்மொழியை நுண்கட்டுப்படுத்திக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஆஸ்திரேலியரான டேமியன் ஜார்ஜ் விரும்பினார். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இயற்பியல் ஆய்வாளராகப் பணியாற்றிய அவர், 2013இல் கிக்ஸ்டார்ட்டர் என்னும் இணையவழி நிதி திரட்டும் தளத்தில் தம் திட்டத்தை அறிவித்தார். அவர் வேண்டியது 15,000 பவுண்டு. திரண்டதோ அதைப்போல் ஆறு மடங்குக்கும் மேற்பட்ட தொகை. அடுத்த ஆண்டில் மைக்ரோபைத்தன் வெளிவந்தது. அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், மாற்றலாம், பயன்படுத்தலாம் என்று உரிமம் வழங்கப்பட்டது. முதலில் அவர் வடிவமைத்த பைபோர்டு என்ற பலகையில் மட்டும் ஓடிய மைக்ரோபைத்தன், பின்னர் பல நாட்டு நிரலர்களின் உழைப்பால் மைக்ரோபிட், பிக்கோ, இஎஸ்பி32 எனப் பலவகைச் சில்லுகளைச் சென்றடைந்தது.

பெரியதைச் சிறியதாக்கிய உத்திகள்

மேசைக் கணினியில் உள்ள பைத்தனை அப்படியே வெட்டிச் சுருக்கி மைக்ரோபைத்தன் உருவாகவில்லை. இடப்பற்றாக்குறையை மனத்தில் கொண்டு, மொழிபெயர்ப்பி முழுவதும் சி மொழியில் புதிதாக எழுதப்பட்டது. அதில் கையாளப்பட்ட உத்திகளுள் மூன்று இங்கே விளக்கத்தக்கவை.

முதலாவது, எண்களைச் சேமிக்கும் முறை. மேசைக் கணினிப் பைத்தனில் 1 என்ற சிறிய எண்ணைச் சேமிக்கவும் பொதுவாக 28 பைட் தேவைப்படுகிறது. எண்ணோடு அதன் வகை, அதை எத்தனை இடங்களில் பயன்படுத்துகிறார்கள் என்பன போன்ற குறிப்புகளும் உடன் செல்வதே காரணம். மைக்ரோபைத்தன், சிறிய முழு எண்களை 4 பைட்டுக்குள் அடக்கிவிடுகிறது. அந்த 4 பைட்டில் ஒரே ஒரு பிட்டை மட்டும் ‘இது எண்’ என்று காட்டும் அடையாளமாக ஒதுக்கிக்கொள்கிறது.

இரண்டாவது, சொற்களைச் சேமிக்கும் முறை. வகுப்பு ஆசிரியர் ஒவ்வொரு நாளும் மாணவர்களின் முழுப் பெயரையும் எழுதுவதில்லை. பெயர்ப் பட்டியலை ஒருமுறை எழுதிவிட்டு, பின்னர் வரிசை எண்ணை மட்டும் குறிப்பார். மைக்ரோபைத்தனும் நிரலில் திரும்பத் திரும்ப வரும் பெயர்களை ஒரே முறை சேமித்து, மற்ற இடங்களில் அவற்றுக்குரிய எண்ணை மட்டும் வைக்கிறது.

மூன்றாவது, அலமாரியிலேயே படிக்கும் முறை. நிரல் முதலில் இடைக்குறி எனப்படும் சுருக்க வடிவத்துக்கு மாற்றப்படுகிறது. அடிக்கடி தேவைப்படும் நிரல்களை முன்னதாகவே இடைக்குறியாக்கி நிலை நினைவகத்தில் பதித்துவிடலாம். சில்லு அவற்றை அங்கிருந்தே படித்து நிறைவேற்றும். நூலகப் புத்தகத்தை மேசைக்குக் கொண்டுவராமல் அலமாரியின் அருகே நின்று படிப்பதைப் போன்றது இது. மேசையில் இடம் மிச்சமாகிறது.

இத்தகைய உத்திகளால், 256 கிலோபைட் நிலை நினைவகமும் 16 கிலோபைட் பணி நினைவகமும் இருந்தாலே மைக்ரோபைத்தன் இயங்கும். முதல் மைக்ரோபிட் பலகையில் இருந்தவையும் சரியாக அவ்வளவே.

விட்டுக்கொடுத்தவை

இடம் சிறியதாயின் சிலவற்றை இழக்கவே நேரும். முதல் மைக்ரோபிட் பலகையின் சில்லில் புளூடூத் வசதி இருந்தது. ஆனால், அதை இயக்கும் மென்பொருளுக்கே பணி நினைவகத்தின் பெரும்பகுதி தேவைப்பட்டது. மைக்ரோபைத்தனும் புளூடூத்தும் ஒன்றாக அமர அந்த மேசையில் இடமில்லை. ஆகவே, புளூடூத் கைவிடப்பட்டது. அதற்கு மாற்றாக, ஒரு பலகையிலிருந்து மற்றொரு பலகைக்குச் சிறு செய்திகளை அனுப்பும் எளிய வானொலி வசதி சேர்க்கப்பட்டது.

துல்லியத்திலும் வேறுபாடு உண்டு. மேசைக் கணினிப் பைத்தன் தசம எண்களை ஏறத்தாழ 15 இலக்கம் வரை துல்லியமாகக் கையாளும். மைக்ரோபைத்தன் பல சில்லுகளில் ஏறத்தாழ 7 இலக்கத்தோடு நின்றுவிடும். நீரின் வெப்பநிலையை அளப்பதற்கு 7 இலக்கம் தாராளம். நுணுக்கமான வானியல் கணக்குகளுக்கு அது போதாது.

வேகமும் குறைகிறது. பெயர்ப்பாளர் வழியாகப் பேசுவது நேரடியாகப் பேசுவதைவிட மெதுவாகத்தானே நடக்கும்! மேலும், மேசையில் இடம் நிறைந்தவுடன் மைக்ரோபைத்தன் தன் வேலையைச் சற்று நிறுத்திவிட்டு, பயன்படாதவற்றை அப்புறப்படுத்தும். இந்தத் துப்புரவு சில மில்லிநொடிகளில் முடிந்துவிடும். ஆனால், அது எப்போது நிகழும் என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல இயலாது. வீட்டுத் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் கருவிக்கு இதனால் தீங்கில்லை. விபத்தின்போது காரின் காற்றுப்பை விரிய வேண்டிய நேரமும் மில்லிநொடிகளில்தான் கணக்கிடப்படுகிறது. அங்கே சிறு தாமதமும் உயிரோடு விளையாடுவதாகும். எனவே, அத்தகைய கருவிகளுக்குச் சி போன்ற மொழிகளே இன்றும் பயன்படுகின்றன.

ஜுரு ஆற்றங்கரையில்

மொழி சில்லுக்கு வந்ததால் யாருக்கு என்ன பயன்? இதற்கு விடை காண ஜுரு ஆற்றங்கரைக்குச் செல்லலாம். 1970களில் பிறை தொழிற்பேட்டையின் கழிவுகள் ஜுரு ஆற்றில் கலந்தன. ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள கோலா ஜுரு மீனவர்களின் வாழ்வாதாரம் பாதிக்கப்பட்டது. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் அவர்களின் குரலாக நின்று அச்சிக்கலை நாட்டின் கவனத்துக்குக் கொண்டு சென்றது. நீர் கெட்டுவிட்டது என்பதை மீனவர்கள் தம் கண்ணாலும் மூக்காலும் வலையாலும் அறிந்திருந்தனர். அதனை எண்களால் காட்டும் கருவிகளோ அவர்கள் கையில் இல்லை.

இன்று, ஜுருவில் உள்ள ஓர் இடைநிலைப்பள்ளியின் அறிவியல் கழகம் ஆற்று நீரைக் கண்காணிக்க முற்படுவதாக வைத்துக்கொள்வோம். மாணவர்கள் ஒரு பிக்கோ பலகையை எடுத்துக்கொள்கின்றனர். அதனுடன் நீரின் வெப்பநிலையை அறியும் உணரியையும், அமிலத்தன்மையை அறியும் உணரியையும் இணைக்கின்றனர். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவெடுக்குமாறு பைத்தனில் நிரல் எழுதுகின்றனர். பலகையைக் கணினியோடு இணைத்து ஒரு வரியை எழுதியவுடன் சில்லு பதிலளிக்கிறது. தவறு நேர்ந்தால் எந்த வரியில் என்று அதுவே காட்டுகிறது. திருத்தி மீண்டும் முயல ஒரு நிமிடம் போதும்.

உணரி அனுப்புவது மின்னழுத்தம். அதைச் சில்லு எண்ணாக மாற்றுகிறது. இங்கேதான் பல்தள மொழியின் சிறப்பு வெளிப்படுகிறது. ஒருவகைச் சில்லு அதிகபட்ச அழுத்தத்தை 1023 என்று குறிக்கும். மற்றொன்று 4095 என்று குறிக்கும். பாதி அழுத்தத்துக்கு முதலாவது 512ஐயும் இரண்டாவது 2048ஐயும் தரும். மைக்ரோபைத்தனின் பொதுக் கட்டளையைப் பயன்படுத்தினால், எந்தச் சில்லாயினும் விடை 0 முதல் 65,535 வரையிலான ஒரே அளவுகோலில் கிடைக்கும். பாதி அழுத்தம் என்றால் ஏறத்தாழ 32,768. நாளை வேறு பலகையை வாங்கினாலும் கணக்கை மாற்ற வேண்டியதில்லை. எனினும், எல்லாப் பலகைகளிலும் இவ்வசதி ஒரே வகையில் அமைவதில்லை. மைக்ரோபிட் பலகைக்கென வந்த மைக்ரோபைத்தன், 1023 வரையிலான தன் சொந்த அளவுகோலையே பின்பற்றுகிறது. மொழி ஒன்றாக இருந்தாலும் வட்டார வழக்கு வேறுபடுவதைப் போன்றது இது.

மாணவர்கள் சில இடர்களையும் எதிர்கொள்வர். பத்து நிமிடத்துக்கு ஒன்றெனில் நாளுக்கு 144 அளவீடுகள். முப்பது நாளில் 4,320. அவற்றை எல்லாம் பணி நினைவகத்திலேயே அடுக்கிக்கொண்டு போனால், ஒருநாள் நினைவகம் நிரம்பி நிரல் நின்றுவிடும். மின்சாரம் தடைப்பட்டாலோ அத்தனையும் அழிந்துவிடும். ஆகவே, ஒவ்வோர் அளவீட்டையும் உடனுக்குடன் நிலை நினைவகத்தில் ஒரு கோப்பாக எழுத வேண்டும். மேலும், பிக்கோ பலகையின் கடிகாரத்துக்கு மின்கலம் கிடையாது. மின்சாரம் நின்று மீண்டும் வந்தால் அது நேரத்தை மறந்திருக்கும். மின்கலத்துடன் கூடிய தனிக் கடிகாரச் சில்லை இணைப்பதே அதற்குத் தீர்வு. கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் எவரும் எண்ணிப் பார்க்காத இச்சிக்கல்களை மாணவர்கள் இங்கு நேரில் சந்தித்துக் கற்கின்றனர்.

இந்தக் கருவி ஆய்வகத்துக்கு மாற்றாகாது என்பதையும் அறிதல் வேண்டும். மலேசியாவில் ஆற்று நீரின் தரக் குறியீட்டைக் கணக்கிட ஆறு கூறுகள் தேவை. அமிலத்தன்மை அவற்றுள் ஒன்று மட்டுமே. கரைந்துள்ள உயிர்வளி, அம்மோனியா நைட்ரஜன் முதலியவற்றையும் முறையாக அளக்க வேண்டும். ஆயினும், அதிகாரிகள் எப்போதாவது ஒருமுறை எடுக்கும் மாதிரிகளுக்கு இடைப்பட்ட நாள்களில் நீர் எவ்வாறு மாறுகிறது என்பதைப் பள்ளியின் சிறு கருவி பதிவு செய்யும். நள்ளிரவில் அமிலத்தன்மை திடீரென மாறினால் நேரத்தோடு குறிப்பு இருக்கும். அக்குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, உரியவரிடம் கேள்வி கேட்கலாம்.

புதிய சில்லுகள், புதிய வாய்ப்புகள்

சில்லுகளின் உலகம் தொடர்ந்து மாறி வருகிறது. 2010இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ரிஸ்க்-5 என்ற சில்லு மொழி உருவாகத் தொடங்கியது. அதைப் பயன்படுத்த எவரும் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. அதன் அடிப்படையில், பேராசிரியர் வீ. காமகோடி வழிநடத்திய சென்னை ஐஐடி குழுவினர் ‘சக்தி’ என்ற செயலிகளை வடிவமைத்தனர். 2018இல் அச்செயலி சில்லாக வடிவம் பெற்றது. ஒரு செயலி பிறந்துவிட்டால் போதாது. அதற்கேற்ற தொகுப்பிகளும் மொழிபெயர்ப்பிகளும் வந்த பின்னரே அது பிறருக்குப் பயன்படும். 2024இல் வெளிவந்த பிக்கோ 2 பலகையின் சில்லில் ஆர்ம் வகைச் செயலியும் ரிஸ்க்-5 வகைச் செயலியும் சேர்ந்தே உள்ளன. இவ்விரண்டின் இயந்திர மொழிகளும் முற்றிலும் வேறானவை. ஆனால், மாணவர் எழுதும் பைத்தன் நிரல் ஒன்றே. இடையில் நிற்கும் மொழிபெயர்ப்பியை உருவாக்கியவர்களின் உழைப்பே அதற்குக் காரணம்.

ஒரு காலத்தில் பினாங்குத் தொழிலாளர் ஒருவர் உருப்பெருக்கியின் வழியே சில்லைப் பார்த்து, மெல்லிய கம்பிகளை இணைத்தார். அது எந்த நாட்டில், எந்தக் கருவியில், என்ன வேலை செய்யப் போகிறது என்பதை வேறு எவரோ முடிவு செய்தனர். இன்று அத்தொழிலாளரின் பேரப்பிள்ளை அதே அளவுள்ள சில்லை மேசையில் வைத்து, தான் வாழும் ஊரின் ஆற்றைப் பற்றி அதனிடம் கேட்க முடிகிறது. எதை அளப்பது, எத்தனை முறை அளப்பது, முடிவை யாரிடம் சொல்வது என்பவற்றை அந்த மாணவரே தீர்மானிக்கிறார்.

ஜுரு டோல் சாவடியில் தடுப்புக்கோல் உயர்வதும் தாழ்வதும் நாள்தோறும் நடக்கும் காட்சி. அதன் பின்னால் ஒரு சில்லும், அதற்கு யாரோ எழுதிய நிரலும் உள்ளன. அந்த ‘யாரோ’ ஒருவராகும் வாய்ப்பு இன்று ஜுரு மாணவர்களுக்கும் கிட்டியுள்ளது.